மதுரைச் சீமை: உடைந்த ஒரு மாகாணத்தின் வரலாறு



வைகை எந்த மாவட்டத்து ஆறு என்று மதுரைக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஒருமாதிரியாகப் பார்ப்பார். ஆனால் ஆறு பிறப்பது வருசநாட்டு மலையில்; அது தேனி மாவட்டம். ஆண்டிபட்டி பக்கத்திலுள்ள வைகை அணையும் தேனி மாவட்டம்தான். தண்ணீரைக் கால்வாயில் திருப்பிவிடும் பேரணை, நிலக்கோட்டை வட்டத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் சோழவந்தான் வழியாக ஆறு நம்மிடம் வருகிறது. நகரத்தைத் தாண்டியதும் திருப்புவனம், மானாமதுரை என்று சிவகங்கை மாவட்டம். கடைசியில் மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. பெரியாற்றுத் தண்ணீர் முதன்முதலாக இந்தப் பக்கம் திரும்பிய 1895-இல் இந்த வழி முழுவதும் ஒரே கலெக்டரின் ஆளுகையில் இருந்தது. அவருடைய ஜில்லாவின் பெயர் மதுரா ஜில்லா.

அந்தப் பழைய சீமையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மீனாட்சி கோயிலைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் இந்த ஊரில் பேசாத மேடை இல்லை. மதுரையைத் தலைநகராகக் கொண்ட நிலப்பரப்பைப் பற்றி, அது எப்படி விரிந்தது, யார் யார் கைக்கு மாறியது, எதற்காக உடைக்கப்பட்டது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

பாண்டியர் காலத்தை நான் தொடப்போவதில்லை. அப்போது மதுரை ஒரு நாட்டின் தலைநகரம். பெரிய அரசொன்றின் மாகாணம் அன்று. மாகாணமானது 1323-இல், தில்லி சுல்தானின் படை தெற்கே வந்தபோது. தில்லித் தளபதி மாலிக் காபூர் 1311-இல் வந்து வாரிக்கொண்டு போய்விட்டார்; துக்ளக் வம்சத்தார் வந்து தங்கினார்கள். 'மாபார்' என்பது அவர்கள் இந்தப் பகுதிக்கு வழங்கிய பெயர். தில்லியிலிருந்து மதுரைக்கு உத்தரவு வர மாதங்கள் ஆகும். அவ்வளவு தொலைவிலிருக்கும் ஆளுநர் எத்தனை நாள் அடங்கியிருப்பார்? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஜலாலுதீன் அஹ்ஸன் கான் தானே சுல்தான் என்று அறிவித்துக்கொண்டார். அவருடைய மகளை மணந்தவர்தான் மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா. பதூதா மதுரைக்கு வந்தபோது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறார். விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்போடு அந்த ஆட்சி தளர்ந்து, 1378 வாக்கில் முடிந்துபோனது. மதுரை ஒரு பேரரசின் கடைக்கோடி மாகாணமாகி, பிறகு தனியரசாக நிமிர்ந்த முதல் தடவை அது. பின்னாலும் அப்படி நடந்திருக்கிறது.

விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக வந்த நாயக்கர்களும் அதையேதான் செய்தார்கள். விசுவநாத நாயக்கர் 1529-இல் பொறுப்பேற்றார் என்று மரபாகச் சொல்வார்கள். அவருடைய தளவாய் அரியநாத முதலியார் சீமையை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை ஆளுக்கொன்றாகப் பாளையக்காரர்களின் காவலில் விட்டார் என்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தது. வசூலில் மூன்றில் ஒரு பங்கு அரசருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு பாளையக்காரருக்கும் தன் ஊரிலே நிலம். தலைநகரத்திலே ஒரு கொத்தளம். மதுரை விழுந்தால் அவருடைய மானமும் சேர்ந்து விழும். ஊர்ப்புறத்தையும் நகரத்தையும் ஒரு முடிச்சில் கட்டிய இந்த ஏற்பாடு இருநூறு ஆண்டுகள் தாங்கியது. அதற்குப் பின் வந்த நிர்வாக ஏற்பாடு எதுவும் இங்கே அவ்வளவு காலம் நீடிக்கவில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து மதுரைச் சீமை என்றால் வடக்கே சேலம், கோயம்புத்தூர்ப் பக்கங்கள், கிழக்கே திருச்சிராப்பள்ளி, தெற்கே திருநெல்வேலி எல்லாம் சேரும். அரசர்கள்கூட எப்போதும் மதுரையில் இருக்கவில்லை. திருமலை நாயக்கர் திருச்சியிலிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்து மகாலைக் கட்டினார். அவர் பேரன் சொக்கநாதர் காலத்தில் அது மறுபடி திருச்சிக்கே போயிற்று. இராணி மங்கம்மாள் ஆண்டது திருச்சியிலிருந்துதான். மதுரையில் உள்ள நமக்கு இது கொஞ்சம் உறுத்தும், ஆனால் உண்மை. ஊர் பெயரைக் கொடுத்தது, அரசு வேறிடத்தில் நடந்தது. இயேசு சபைப் பாதிரிமார்களின் 'மதுரை மிஷன்' கூட அந்தப் பரந்த பொருளில் பிறந்த பெயர்தான். 1606-இல் இராபர்ட் தே நொபிலி வந்து சேர்ந்த அந்த மிஷனின் வாரிசாக, அச்சபையில் 'மதுரை மாநிலம்' என்ற பிரிவு இன்றும் இருக்கிறது. அதன் தலைமையிடம் திண்டுக்கல்லில்!

நாயக்கர் ஆட்சி இராணி மீனாட்சியோடு 1730-களில் முடிந்தது. அதற்குப் பிந்திய முப்பது ஆண்டுகள் பெருங்குழப்பம். சந்தா சாகிபு, மராத்தியர், நிஜாம், ஆர்க்காட்டு நவாபு என்று கைமாறிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டியலை அடுக்கி உங்களைச் சோதிக்க மாட்டேன். ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1755-ஆம் ஆண்டு. நவாபுக்கு வரவேண்டிய வரியை வசூலிக்க கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரான் படையோடு வந்தார். மதுரையைப் பிடித்தார், திருநெல்வேலி வரை போனார். வழியில் கோவில்குடி என்ற இடத்தில் ஒரு கோயிலைத் தாக்கி, அங்கிருந்த உலோகத் திருமேனிகளைத் தூக்கிக்கொண்டார். அது நம் திருமோகூர்தான் என்று பின்னால் எழுதியவர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். திரும்பிப் போகும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையை மறித்தார்கள். குறுகலான காட்டு வழி. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கிக் கிடக்கின்றன. தாக்கியவர்கள் தானியத்துக்கும் துணிமணிக்கும் மட்டும் வரவில்லை. சாமியைத் தேடி வண்டிகளைக் குடைந்தார்கள். கிடைத்ததும் 'சாமி, சாமி' என்று கூவினார்கள் என்று எழுதியிருப்பவர் கும்பினியின் வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம். அவர் கள்ளர்களுக்கு வேண்டியவர் அல்லர் என்பதால் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். ஹெரான் சென்னைக்குத் திரும்பி, இராணுவ விசாரணையில் பதவியை இழந்தார்.

இன்றைக்குத் திருமோகூர் மதுரை மாவட்டம். நத்தம் திண்டுக்கல் மாவட்டம். மாவட்ட வாரியாக எழுதப்படும் வரலாற்றில் இந்தச் சம்பவம் பாதியாக வெட்டுப்பட்டுவிடும். ஒரு புத்தகத்தில் சாமியைத் தூக்கியது இருக்கும், இன்னொரு புத்தகத்தில் சாமியை மீட்டது இருக்கும். திருமோகூர்ப் பெருமாளுக்காக நத்தத்துக் காட்டில் ஏன் அடிதடி நடந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் விளங்காது.

அதே படையில் வந்தவர்தான் யூசுப் கான், மருதநாயகம் என்று நாம் அறிந்தவர். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்த சிப்பாய். கும்பினி அவரிடம் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தையே ஒப்படைத்தது. பாளையக்காரர்களை அடக்கினார், வரியை ஒழுங்காக வசூலித்தார். அவர் காலத்து நிர்வாகத்தின் வலிமையை, இருபது ஆண்டு கழித்துத் தெற்கே வந்த கர்னல் ஃபுல்லர்ட்டன் பாராட்டி எழுதியிருக்கிறார். அதாவது தூக்கிலிட்ட தரப்பே பாராட்டியது. யாருக்காக ஆளுகிறோம், நவாபுக்கா கும்பினிக்கா என்ற கேள்வி எழுந்தபோது, 'எனக்காகவே' என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1763-இல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட கும்பினிப் படை தோற்றுப் பின்வாங்கியது. மறு ஆண்டு மறுபடி வந்தது. சுவரை உடைத்து உள்ளே வர முடியாமல், உள்ளிருந்தவர்களையே விலைக்கு வாங்கி, அவரைப் பிடித்து, 1764 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு பள்ளிவாசல் இருக்கிறதே, அங்கேதான் அவருடைய அடக்கம்.

யூசுப் கானைச் சிலர் முதல் விடுதலை வீரர் என்கிறார்கள், சிலர் கூலிப்படைத் தளபதி என்கிறார்கள். இரண்டு முத்திரையும் எனக்கு ஒட்டவில்லை. அஹ்ஸன் கானும் நாயக்கர்களும் செய்ததைத்தான் அவரும் செய்தார். தொலைவிலிருந்து ஆளும் ஒருவருக்காக மதுரையிலே உட்கார்ந்து வரி வசூலித்தவர்கள், அந்த வரியை ஏன் அனுப்ப வேண்டும் என்று ஒருநாள் யோசித்தார்கள். இந்தச் சீமைக்குத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் தெம்பு இருந்தது. அந்தத் தெம்பே அவர்களைத் தூண்டியது. பழைய இரண்டு பேருக்கும் பலித்தது, அவருக்குப் பலிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி திண்டுக்கல்லுக்கு வருவோம். அந்தச் சீமை 1740-களிலேயே மைசூரின் கைக்குப் போய்விட்டது. 1755-இல் ஹைதர் அலி அங்கே ஃபௌஜ்தாராக வந்தார். அவருடைய எழுச்சி தொடங்கிய இடங்களில் திண்டுக்கல் ஒன்று. ஆக, மதுரைக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் எதிரியின் எல்லை. இந்த எல்லைதான் சிவகங்கை இராணி வேலு நாச்சியாரைக் காப்பாற்றியது. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, அவர் நவாபின் ஆட்கள் எட்டமுடியாத விருப்பாட்சிக்குப் போனார். பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார், ஹைதர் துணை நின்றார், 1780-இல் சிவகங்கை மீண்டது. வேலு நாச்சியார் சிவகங்கைக்காரர், கோபால நாயக்கர் திண்டுக்கல்காரர் என்று தனித்தனியே மணிமண்டபமும் சிலையும் வைக்கிறோம். இருவரையும் சேர்த்துவைத்த அந்த அரசியல் எல்லையைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோமா?

மூன்றாம் மைசூர்ப் போரில், 1790-இல் திண்டுக்கல் கும்பினியிடம் வீழ்ந்தது. 1792 உடன்படிக்கையில் முறைப்படி கைமாறியது. கும்பினி இந்தப் பக்கம் முதலில் கலெக்டரை அமர்த்தியது திண்டுக்கல்லுக்குத்தான், மதுரைக்கு அல்ல. மதுரை 1801 வரை பெயரளவிலாவது நவாபுடையது. அந்த ஆண்டு ஜூலையில் கர்நாடகம் முழுவதையும் நவாபு எழுதிக் கொடுத்தார். அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கோபால நாயக்கரும் அதே ஆண்டில்தான் தூக்கில் போனார். 1803-இல் இராமநாதபுரம், சிவகங்கை இரண்டும் ஜமீன்களாயின. இப்படித் திண்டுக்கல்லையும் மதுரையையும் இரண்டு ஜமீன்களையும் சேர்த்துத் தைத்ததுதான் மதுரா ஜில்லா. பழனி, கொடைக்கானல், கம்பம், மேலூர், திருமங்கலம், பரமக்குடி, இராமேசுவரம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இங்கே வந்த கலெக்டர்களில் இருவரை மட்டும் சொல்கிறேன். 1812 முதல் 1828 வரை இருந்த ரௌஸ் பீட்டர், மீனாட்சியம்மன் குதிரை வாகனத்துக்கு இரத்தினம் பதித்த பாதுகம் கொடுத்து 'பீட்டர் பாண்டியன்' ஆனவர். அவரைப் பற்றிய கதைகள் ஏராளம்; அதில் பாதி கதைதான். இரண்டாமவர் பிளாக்பர்ன். 1830-களிலும் 40-களிலும் அவர் செய்த காரியம் கதையல்ல, நீங்கள் தினமும் நடக்கிற தரை. நாயக்கர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தவர் அவர். இடித்த இடத்தில் வெளி வீதிகள் வந்தன. அகழியும் மதிலும் இருந்த வட்டத்தில் உண்டான தெருக்களுக்கு அளவையாளர் மாரட்டின் பெயரும் மேஸ்திரி பெருமாளின் பெயரும் வைக்கப்பட்டன. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவை. ஒரு கலெக்டர் நகரத்தை அடியோடு மாற்றினார். தெருவிலே நிலைத்தது ஒரு மேஸ்திரியின் பெயர். எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. பிளாக்பர்னுக்கு ஊரார் வைத்த நினைவுச் சின்னம்தான் விளக்குத்தூண். கோட்டையின் மிச்சத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிய மேற்கு வாசலுக்குப் போகலாம்.

72 கொத்தளங்களும் போனதோடு அந்தப் பழைய முடிச்சும் அவிழ்ந்தது. இனி எந்தப் பாளையக்காரருக்கும் மதுரை மதிலில் பங்கு இல்லை. எல்லாம் கச்சேரியிலும் கோர்ட்டிலும்தான்.

ஜில்லா உடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1910-இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வெட்டி இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜில்லாவின் கலெக்டர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில்தான் இருந்தது. இராமநாதபுரத்துச் சம்சாரி மனுக் கொடுக்க வேறு ஜில்லாவின் தலைநகருக்கு வந்தார். 1985-இல் இராமநாதபுரம் ஜில்லா மூன்றானது. அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையிலிருந்து திண்டுக்கல் பிரிந்தது. 1996-இல் தேனியும் போயிற்று. தலைவர்களின் பெயரில் மாவட்டங்கள் இருந்த சில ஆண்டுகளும் 1997-இல் முடிந்தன.

பிரித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து ஒரு சாதிச் சான்றிதழுக்காக மதுரைக்குப் பஸ் ஏறியவரிடம் பழைய ஜில்லாவின் பெருமையைப் பேசினால் திட்டுவார்; திட்டவும் வேண்டும். நிர்வாகத்துக்கு வகுத்த எல்லையை வரலாற்றுக்கும் எல்லையாக எடுத்துக்கொண்டதுதான் எனக்குக் குறை.

ஜப்பானில் இதைவிடப் பெரிய வெட்டு நடந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான அறுபதுக்கும் மேற்பட்ட 'குனி' என்னும் மாகாணங்கள் அங்கே இருந்தன. 1871-இல் மெய்ஜி அரசு பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்துப் புதிய மாவட்டங்களை அமைத்தது. அந்தப் பழைய மாகாணங்கள் நிர்வாகத்திலிருந்து மறைந்தன. ஆனால் சனுகி என்ற பழைய மாகாணம் அந்த ஊர் உடோன் என்ற கோதுமைச் சேவையின் பெயரில் வாழ்கிறது. சாட்சுமா என்ற மாகாணம் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பெயரில் வாழ்கிறது. ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகையிலும் பழைய மாகாணப் பெயர்கள் நிற்கின்றன. அங்கே உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள் இன்றைய எல்லையை மட்டும் பார்த்து எழுதுவதில்லை. பழைய மாகாணத்தையும் ஓர் அலகாக வைத்துத் தேடுகிறார்கள்.

நம் சீமையும் அப்படி ஒளிந்து வாழ்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூ விளைவது மதுரை மாவட்டத்தில் மட்டுமா? நிலக்கோட்டைப் பூ இல்லாமல் மாட்டுத்தாவணிச் சந்தை ஏது? திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை என்று பக்கத்து மாவட்டங்களில் பூத்தாலும் அது மதுரை மல்லிதான். உசிலம்பட்டிப் பக்கத்தில் 'எட்டு நாடு, இருபத்து நாலு உபகிராமம்' என்கிறார்கள். மேலூர்ப் பக்கம் வெள்ளலூர் நாடு என்கிறார்கள். எந்த கெஜட்டிலும் இல்லாத அந்த எல்லைகள் கோயில் முதல் மரியாதை வந்தால் உடனே எழுந்து நிற்கும். 2004-இல் மதுரையில் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளையின் எல்லையைப் பாருங்கள்: கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, கரூர் வரை. நாயக்கர் சீமையில் கொங்கு நாட்டை விட்டுவிட்டுத் தஞ்சாவூரைச் சேர்த்துக்கொண்டால் கிட்டத்தட்ட இதுதான். தஞ்சாவூருக்காக அவர்கள் சண்டையே போட்டார்கள். கோர்ட்டுக்கு ஓர் உத்தரவில் கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும்விட அழுத்தமான சாட்சி தண்ணீர். தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சமவெளி செத்துப் பிழைத்த பிறகுதான் பெரியாற்றுத் திட்டம் வேகம் பிடித்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1895-இல் தண்ணீர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்தார் பொறியாளர் பென்னிகுயிக். மேலூர்ப் பக்கத்து மானாவாரி நிலம் நஞ்சையானது அதனால்தான். அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது விவசாயிகள் 'அஞ்சு மாவட்டம்' என்பார்கள்: தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம். இந்த ஐந்தையும் சேர்த்து ஒட்டிப் பாருங்கள். 1910-க்கு முந்திய மதுரா ஜில்லா, விருதுநகர்ப் பக்கத்துச் சில ஊர்கள் நீங்கலாக, கிட்டத்தட்ட அப்படியே வரும்.

வைகையின் பூர்வீகப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது மதுரைக்கு இரண்டு, சிவகங்கைக்கு மூன்று, இராமநாதபுரத்துக்கு ஏழு என்று பங்கு பிரிக்கிறார்கள். தலைமடையில் இருப்பவனுக்குக் குறைவு, கடைமடைக்கு அதிகம். இந்த மூவரில் ஆற்றை முதலில் பார்க்கிறவர்கள் நாம். பழைய உரிமை கண்மாய்க்காரர்களுக்கு. அந்த உரிமையின் வேர் இராமநாதபுரத்துச் சேதுபதிகள் காலத்துக் கண்மாய்களில் இருக்கிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர் வரை ஒருபோகம் என்ற பிரிவுக்கும் பழைய வேர் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அணை திறக்கும்போது நீர்வளத்துறை அலுவலகத்தில் நடக்கிற வாக்குவாதத்தில் நாயக்கர், சேதுபதி, கும்பினி, பென்னிகுயிக் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பொறியாளர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. வரலாற்றுத் துறைகளுக்குத்தான் தெரியவில்லை.

நெல்சன் 1868-இல் எழுதிய மதுரைச் சீமைக் கையேடும் பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த கெஜட்டியரும் அந்தப் பழைய ஜில்லாவை முழுதாக வைத்துப் பேசிய நூல்கள். இருவரும் வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களுடைய கண்ணோட்டத்தில் குறை நிறைய. குறிப்பாகக் கள்ளர்களைப் பற்றி எழுதும்போது போலீஸ் டைரியின் வாடை அடிக்கும். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த முழு நிலப்பரப்பையும் ஒருசேர வைத்துத் தமிழில், நம் பார்வையில், ஒரு பெருநூல் எழுதப்பட வேண்டியிருக்கிறது. தனி ஒருவரால் ஆகிற காரியம் அல்ல. ஐந்து மாவட்டத்துக் கல்லூரிகளின் வரலாற்று ஆசிரியர்கள் சேர்ந்தால் ஆகும்.

அதற்கான மூலப்பொருள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மட்டும் இல்லை. இந்த அரங்கில் இருப்பவர்களின் வீட்டிலும் இருக்கிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், ஜமீன் ரசீது, பாகப் பிரிவினைப் பத்திரம், கண்மாய் மடை முறை எழுதிய நோட்டு. 'மதுரா ஜில்லா, திண்டுக்கல் தாலுகா' என்றோ 'சிவகங்கை ஜமீன்' என்றோ தொடங்கும் தாள்கள் அவை. மாணவர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டாம். பெரியவர்கள் தரவும் மாட்டார்கள். இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள், ஊர்ப் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் ஒரு பிரதி கொடுங்கள். கரையான் முந்திக்கொள்வதற்குள் செய்யுங்கள்.